குடலுக்குள் மூன்றாவது ஆள்

சாட்டைப்புழுவின் முட்டையை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பீப்பாய் வடிவம், தேன் நிறம், இரண்டு முனைகளிலும் கண்ணாடிபோல் தெளிவான மூடிகள். நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். ஒரு பெண் புழு ஒரே நாளில் 3,000 முதல் 20,000 முட்டைகள் வரை இடும். மலத்தோடு வெளியேறும் முட்டை ஈர மண்ணில் சில வாரங்கள் கிடந்து, உள்ளே குட்டிப்புழு உருவான பிறகு, யாராவது விழுங்கும்வரை காத்திருக்கும். விழுங்கியபின் இரைப்பையின் அமிலத்தைத் தாண்டி, சிறுகுடல் முழுக்கப் பயணித்து, பெருங்குடல் தொடங்கும் இடமான சீக்கத்தை அடைந்ததும் அந்த மூடி திறக்க வேண்டும். முன்னதாகத் திறந்தால் குட்டிப்புழு தவறான இடத்தில் வெளியே வரும். திறக்காமலே போனால் மலத்தோடு மறுபடி வெளியே போய்விடும்.

சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று முட்டைக்கு எப்படித் தெரிகிறது? உடல் வெப்பம் ஒரு அடையாளமாக முடியாது. வாயிலிருந்து ஆசனவாய்வரை அதே 37 டிகிரிதான். செரிமான நொதிகளா என்றால், அவை சிறுகுடலிலேயே வந்துவிடுகின்றன. இந்தக் கேள்விக்கு 2010-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கிரென்சிஸ் குழுவினர் கண்ட விடையைப் படித்த நாளிலிருந்து குடற்புழுக்களைப் பற்றி நான் யோசிக்கும் விதமே மாறிவிட்டது. கதவைத் தட்டுவது பாக்டீரியா.

அவர்கள் எடுத்துக்கொண்டது எலிகளைத் தொற்றும் சாட்டைப்புழு. அதன் முட்டைகளை எலியின் சீக்கத் துண்டுகளோடு சேர்த்து வைத்தார்கள், பொரிந்தன. பாக்டீரியாக்களை வடிகட்டி நீக்கிவிட்டு வைத்தார்கள். பொரிவது வெகுவாகக் குறைந்தது. வெறும் ஈ.கோலை பாக்டீரியாவோடு 37 டிகிரியில் வைத்தார்கள், மறுபடி பொரிந்தன. அதே ஈ.கோலையை அறை வெப்பத்தில் வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஆக வெப்பமும் வேண்டும், பாக்டீரியாவும் வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது பாக்டீரியாக்கள் முட்டையின் ஓடு முழுக்கப் பரவியிருக்கவில்லை. முனைகளில் இருக்கும் அந்த மூடிகளில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஈ.கோலையின் மேல் மயிரிழைபோன்ற நீட்சிகள் உண்டு. அவற்றால்தான் அது பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்பைத் தடுக்கும் மானோஸ் என்ற சர்க்கரையைக் கலந்தால் பொரிவது தடைபட்டது. கடைசியாக, ஆன்டிபயாடிக் கொடுத்து குடல் பாக்டீரியாக்களைக் குறைத்த எலிகளுக்கு முட்டைகளை ஊட்டினார்கள். அவற்றின் குடலில் குடியேறிய புழுக்களின் எண்ணிக்கை குறைந்தது.

எனக்கு இதில் பிடித்தது அதன் எளிமை. குடலில் மேலே பாக்டீரியா குறைவு. கீழே போகப்போக கூட்டம் பெருகும். சீக்கத்தில் நெரிசல். வெதுவெதுப்பும் நெரிசலும் ஒருசேர இருந்தால் வந்த இடம் சரி என்று முட்டை கணக்குப் போட்டுக்கொள்கிறது. இது என் வாசிப்பு. ஆய்வுக் கட்டுரை இவ்வளவு நாடகமாகப் பேசாது.

அதே மான்செஸ்டரிலிருந்து 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு கதையின் மறுபாதியைச் சொன்னது. புழுவின் உடலுக்குள்ளேயும் ஒரு பாக்டீரியாக் கூட்டம் வாழ்கிறது. எலியின் குடலிலிருந்து எடுத்துக்கொண்டதுதான், ஆனால் எலியின் குடலில் இருக்கும் அதே கலவையில் இல்லை. தனக்கு வேண்டியதைப் பொறுக்கி வைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது. பாக்டீரியா இல்லாவிட்டால் புழுவின் வளர்ச்சியும் சரியாக இருப்பதில்லை. புழுக்கள் குடியேறிய பிறகு எலியின் குடலில் இருக்கும் பாக்டீரியாக் கலவையும் மாறுகிறது. அந்த மாறிய கலவையில் புதிதாக வரும் முட்டைகள் அவ்வளவாகப் பொரிவதில்லை. முதலில் வந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். குடலில் புழுக்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் எலி செத்துப்போகும், எலி செத்தால் புழுவும் போகும். எனவே கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது புழுவுக்கே நல்லது. அதற்கு அது தன் சொந்த வேதிப்பொருள் எதையும் நம்பியிருக்கத் தேவையில்லை. பாக்டீரியாக்களை மாற்றிவிட்டாலே போதும்.

குடற்புழு என்றால் ஒரு புழு, ஒரு மனிதன், இருவருக்கும் இடையே சண்டை என்று கற்றுக்கொண்ட தலைமுறை நான். நுண்ணுயிரியல் படித்த காலத்தில் மலப் பரிசோதனை வகுப்பில் எங்களுக்குச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: முட்டையைத் தேடு, சிஸ்ட்டைத் (ஓரணு ஒட்டுண்ணி ஓடு மூடி உறங்கும் வடிவம்) தேடு, மற்றதெல்லாம் பின்னணி. ஸ்லைடில் நுண்ணோக்கியின் வட்டம் முழுக்கத் துள்ளிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அந்தப் பின்னணி. ஒட்டுண்ணியியல் ஒரு துறை, பாக்டீரியாவியல் இன்னொரு துறை. பாடப்புத்தகம் வேறு, ஆசிரியர் வேறு, தேர்வு வேறு. ஒரே சொட்டில் இரண்டும் இருந்தன என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. 1681-இல், நுண்ணுயிர்களை முதன்முதலில் லென்ஸ் வழியே கண்ட டச்சுக்காரர் லேவன்ஹூக், வயிற்றுப்போக்கு வந்தபோது தன் மலத்தையே எடுத்துத் தன் லென்ஸின் கீழ் வைத்தார். பிற்காலத்தவர் ஜியார்டியா என்ற ஓரணுக் குடல் ஒட்டுண்ணியாக அடையாளம் கண்ட உயிரியையும், அதைவிட மிகச் சிறிய வேறு உயிர்களையும் ஒரே கடிதத்தில் விவரித்தார். முதன்முதலில் பார்த்தவர் இரண்டையும் சேர்த்தே பார்த்திருக்கிறார். பிரித்தது நாம்தான்.

ஒட்டுண்ணியியல்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1955-இல் ஃபிலிப்ஸும் கூட்டாளிகளும் சீதபேதி அமீபாவை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூடப் படாமல் வளர்த்த கினிப் பன்றிகளின் சீக்கத்தில் அமீபாவை நேரடியாகச் செலுத்தினார்கள். புண் வரவில்லை, அமீபாக்களும் நிலைக்காமல் மறைந்துபோயின. சாதாரணமாக வளர்ந்த கினிப் பன்றிகளுக்கு அதே அமீபாவைச் செலுத்தியபோது குடலில் புண் வந்தது. கிருமியற்ற விலங்குகளில் ஒரே ஒரு பாக்டீரியா வகையை மட்டும் முதலில் குடியேற்றிவிட்டு அமீபாவைச் செலுத்தியபோதும் புண் வந்தது. குடலைத் துளைப்பதாகப் பெயர் பெற்ற ஒரு உயிரி, தனியாக விட்டால் பிழைக்கக்கூட முடியாமல் தவித்திருக்கிறது. இவ்வளவு பளிச்சென்ற ஒரு முடிவு எத்தனையோ வருடங்கள் அலமாரியில் கிடந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு காரணம், கலவையைப் படிக்கக் கருவி இல்லை. குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும். தட்டில் வளர்த்துப் பார்ப்பது பெரும்பாடு. மலத்திலிருக்கும் டிஎன்ஏவை மொத்தமாகப் படிக்கும் வசதி மலிவான பிறகுதான் பின்னணி மேடைக்கு வந்தது.

சீதபேதி அமீபா தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை என்பது பழைய கணக்கு. அந்தப் பத்தாவது ஆள் யார் என்பதற்கு விடையை அமீபாவிலும் மனிதனின் மரபணுவிலும் மட்டுமே தேடிக்கொண்டிருந்தோம். வங்கதேசத்தில் டாக்காவின் குழந்தைகளிடம் செய்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், அமீபா தொற்றிய குழந்தைகளில் வயிற்றுப்போக்கு வந்தவர்களின் குடலில் பிரிவோட்டெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா கூடுதலாக இருந்தது. அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஆனால் தேட வேண்டிய இடங்களின் பட்டியலில் ஒன்று கூடியிருக்கிறது.

ஜியார்டியாவிலும் இதே கதைதான், இன்னும் சுவையாக. 2000-இல் சிங்கரும் நாஷும் ஒரே மரபு வழியைச் சேர்ந்த ஆய்வக எலிகளை இரண்டு வேறு வளர்ப்பு நிறுவனங்களிலிருந்து வாங்கினார்கள். ஒரு இடத்து எலிகளுக்கு ஜியார்டியா எளிதில் தொற்றியது, இன்னொரு இடத்து எலிகள் எதிர்த்து நின்றன. மரபணு ஒன்று, ஒட்டுண்ணி ஒன்று, முடிவு மட்டும் வேறு. இரண்டு கூட்டத்தையும் ஒரே கூண்டில் சேர்த்து வைத்ததும் தொற்றக்கூடியவையும் எதிர்க்கத் தொடங்கின. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் அந்த எதிர்ப்பு போய்விட்டது. எலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும் பழக்கமுள்ளவை. கூண்டில் கைமாறியது என்ன என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். எலிச் சோதனை முடிவுகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த எலி எங்கே வளர்ந்தது என்று இப்போது நான் தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் செய்முறைப் பகுதியின் ஒரு மூலையில் ஒரே வரியில் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பாக்டீரியா ஒட்டுண்ணிக்குச் செய்வது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. அதில் எனக்கு மிகப் பிடித்த கதை செக்ரோபின் பி1 என்ற புரதத்துடையது. ஸ்வீடன் நாட்டு ஹான்ஸ் போமன் 1981-இல் செக்ரோபியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதங்களைப் பிரித்தெடுத்தார். பூச்சிகளிடம் இருப்பது பாலூட்டிகளிடமும் இருக்கும் என்று தேடினார்கள். 1989-இல் பன்றியின் சிறுகுடலிலிருந்து அதே குடும்பத்துப் புரதம் ஒன்று கிடைத்தது. பாலூட்டியின் செக்ரோபின் என்று அறிவித்தார்கள். ஆனால் வேறு எந்தப் பாலூட்டியிலும் அப்படி ஒன்று சிக்கவில்லை. 2003-இல் போமனின் குழுவே உண்மையைக் கண்டுபிடித்தது. அந்தப் புரதம் பன்றியுடையதே அல்ல. பன்றியின் குடலில் குடியிருந்த உருண்டைப்புழுவுடையது! ஆய்வுக்கு எடுத்த குடலில் புழுவின் சரக்கும் கலந்திருந்தது, அவ்வளவுதான். பாக்டீரியா நெரிசலில் ஆயுள் முழுக்க வாழும் ஒரு புழுவிடம் பாக்டீரியாவைக் கொல்லும் ஆயுதம் இருப்பதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், குடலில் கிடைக்கும் ஒரு பொருள் யாருடையது என்று சொல்வதே அவ்வளவு கடினம் என்பது.

பெரும்பாலான புழுக்கள் பாக்டீரியாக்களோடு நேரடியாக மோதுவதைவிட, நம் உடலை இடையில் வைத்துக் காரியம் சாதிக்கின்றன. புழு வந்தால் குடல் காட்டும் எதிர்ப்பு தனி வகை. புழுவை விழுங்க முடியாது, வெள்ளணுவைவிட அது பல்லாயிரம் மடங்கு பெரியது. எனவே குடல் அதை வழுக்கித் தள்ளிவிடப் பார்க்கிறது: கோழையைச் சுரக்கும் செல்கள் பெருகும், குடல் சுவரின் மேல் செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படும், குடல் அசைவு கூடும். இதையெல்லாம் முடுக்கிவிடும் சைகைகளில் முக்கியமானது இன்டர்லூகின் 13. கோழை தடித்தால் புழுவுக்குச் சிரமம். கூடவே, அந்தக் கோழையில் வாழும், அதையே தின்னும் பாக்டீரியாக்களின் உலகமும் தலைகீழாகிறது.

இதை வைத்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கென் காட்வெல், பிங் லோக் குழுவினர் 2016-இல் செய்த வேலை பெரிதும் பேசப்பட்டது. நாட்2 என்ற மரபணுவின் கோளாறு, குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயோடு தொடர்புடையது. இந்த மரபணு இல்லாத எலிகளின் குடலில் கோழை செல்கள் குறைபாடோடு இருக்கும். பாக்டீராய்ட்ஸ் வல்காடஸ் என்ற பாக்டீரியா மிதமிஞ்சிப் பெருகியிருக்கும். சாட்டைப்புழுவைக் குடியேற்றினார்கள். இன்டர்லூகின் 13 எழுந்தது, கோழை மீண்டது, கிளாஸ்ட்ரிடியேல்ஸ் என்ற பாக்டீரியா வரிசை பெருகி வல்காடஸை ஒடுக்கியது. பிறகு மலேசியாவின் ஒராங் அஸ்லி பழங்குடி மக்களிடம், பூச்சி மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் மல மாதிரிகளைப் பார்த்தார்கள். புழுக்கள் போன பிறகு கிளாஸ்ட்ரிடியேல்ஸ் குறைந்து, பாக்டீராய்ட்ஸ் வகையறா கூடியிருந்தது. எலியில் கண்டதோடு அச்சாகப் பொருந்துகிறது.

பொருந்துவதைப் பார்த்து உடனே குதிக்கக் கூடாது. 2013-இல் ஈக்வடார் நாட்டுக் குழந்தைகளிடம் சாட்டைப்புழுத் தொற்றுக்கும் குடல் பாக்டீரியாக் கலவைக்கும் தொடர்பு தேடினார்கள். குறிப்பிடும்படி எதுவும் தெரியவில்லை. மனிதர்களிடம் செய்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று ஒரு பக்கம் இழுக்கும், ஒன்று இன்னொரு பக்கம். புழு வேறு, எண்ணிக்கை வேறு, சாப்பாடு வேறு, வயது வேறு. எனக்கு இந்தக் குழப்பமே நம்பகமாகத் தோன்றுகிறது. அண்டை உயிர்களைப் பொறுத்துத்தான் ஒரு புழுவின் விளைவு அமைகிறது என்றால், எல்லா ஊரிலும் ஒரே விடை வருவதுதான் சந்தேகத்துக்குரியது.

புழுக்களை நல்லவர்கள் ஆக்கும் ஒரு மோஸ்தர் நடுவில் வந்தது. 1989-இல் டேவிட் ஸ்ட்ரகன், பெரிய குடும்பங்களில் கடைக்குட்டிகளாகப் பிறந்தவர்களுக்கு ஒவ்வாமை குறைவு என்று எழுதிய சிறு கட்டுரையிலிருந்து கிளைத்தது அது. சுத்தம் கூடிப்போனதால்தான் உடல் தன்னையே தாக்கத் தொடங்கியது, பழைய புழுக்களைத் திரும்ப அழைப்போம் என்றார்கள். ஜோயல் வைன்ஸ்டாக் குழுவினர் 2005-இல் 29 குரோன் நோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பன்றியின் சாட்டைப்புழு முட்டைகள் 2,500 வீதம் குடிக்கக் கொடுத்தார்கள். பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழு அதில் இல்லை. 2013-இல் சுமார் 250 பேரிடம் முறையாக ஒப்பிட்டுச் செய்த சோதனையில் புழு முட்டைக்கும் போலி மருந்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. எலியின் சாட்டைப்புழு முட்டையைப் பொரிக்க வைத்த பாக்டீரியா, பன்றியின் சாட்டைப்புழு முட்டையை அதே மாதிரி பொரிக்க வைப்பதில்லை என்று 2015-இல் காட்டினார்கள். நெருங்கிய உறவுக்காரப் புழுக்களுக்கே பூட்டு வேறு, சாவி வேறு. எலியில் ஒரு புழு செய்ததை மனிதனில் இன்னொரு புழு செய்யும் என்று நம்பியது கொஞ்சம் அவசரம்தான்.

அந்த மோஸ்தரில் இன்னும் மயங்கியிருப்பவர்கள் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸைப் பற்றிப் படிக்க வேண்டும். இந்தப் புழு ஒரே உடலுக்குள் தன் சந்ததியைத் திரும்பத் திரும்பத் தொற்றவைத்துக்கொண்டு, பெரிய அறிகுறி எதுவும் இல்லாமல் பல பத்தாண்டுகள் இருக்கும். பிறகு ஒருநாள் வேறு ஏதோ நோய்க்காக ஸ்டீராய்டு கொடுப்பார்கள். எதிர்ப்பு தளர்ந்ததும் லட்சக்கணக்கில் பெருகும் குட்டிப்புழுக்கள் குடல் சுவரைத் துளைத்து நுரையீரல், மூளை என்று பரவும். நோயாளியை அப்போது சாகடிப்பது பெரும்பாலும் புழு அல்ல. புழுவின் மேலும் அதன் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டு போகும் குடல் பாக்டீரியாக்கள். ரத்தத்தில் நச்சேறும், மூளைக்காய்ச்சல் வரும். தண்டுவட நீரில் ஈ.கோலை வளரும். காரணம் தெரியாமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் புழு புதிது புதிதாகப் பாக்டீரியாவைச் சுமந்து வந்துகொண்டே இருக்கும். நட்பு, பகை என்று பேசுவதற்கு இங்கே என்ன இருக்கிறது?

சிகிச்சையிலும் பாக்டீரியா என்ற இந்த மூன்றாவது ஆளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட முடிவதில்லை. அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும் மருத்துவர்கள் பல காலமாக எழுதித் தரும் மாத்திரை மெட்ரோனிடசோல். அது முதலில் டிரைக்கோமோனாஸ் என்ற ஓரணு ஒட்டுண்ணிக்காக வந்த மருந்து. 1962-இல் பல் மருத்துவர் ஒருவர், அந்தத் தொற்றுக்காக மெட்ரோனிடசோல் சாப்பிட்ட பெண்ணுக்கு ஈறுப்புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டதைக் கவனித்து எழுதினார். ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்களையும் அது கொல்கிறது என்பது இப்படித்தான் வெளிவந்தது. குடல் பாக்டீரியாக்களில் மிகப் பெரும் பகுதி அந்த வகைதானே. அமீபாவுக்காக ஒருவர் மெட்ரோனிடசோல் சாப்பிட்டு வயிறு சரியானால், அமீபா போனதால் சரியானதா, அமீபாவுக்குத் துணைநின்ற பாக்டீரியா போனதால் சரியானதா என்று அந்த ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல வழியில்லை. குணமானால் சரி என்று நோயாளி போய்விடுவார். அது நியாயமும்கூட.

நியாயம் இல்லாத இடம் பிளாஸ்டோசிஸ்டிஸ். மலப் பரிசோதனை அறிக்கையில் இந்தப் பெயர் வந்தால் பலரும் பதறிப்போகிறார்கள்; உடனே மருந்து கேட்கிறார்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான குடல்களில் இருக்கும் ஓரணு உயிரி இது. 2024-இல் 32 நாடுகளைச் சேர்ந்த 56,989 பேரின் குடல் மரபணுத் தரவுகளை அலசிய ஆய்வில், பிளாஸ்டோசிஸ்டிஸ் இருப்பவர்களிடம் நல்ல உணவுப் பழக்கமும், இதயம், வளர்சிதை மாற்றம் தொடர்பான சாதகமான அளவுகளும் காணப்பட்டன. பாக்டீரியாக்களின் வகைப்பெருக்கம் கூடுதலாக உள்ள குடலில் இது அதிகம் தென்படுகிறது என்பது அதற்கு முன்பே பலர் கண்டது. இதனால் பிளாஸ்டோசிஸ்டிஸ் நன்மை செய்கிறது என்று ஆகாது. நல்ல குடலைத் தேடி அது குடியேறியிருக்கலாம், அல்லது காய்கறியும் நாரும் சாப்பிடுவதே இரண்டையும் கொண்டுவந்திருக்கலாம். எது முதல், எது பின் என்று பிரிக்க, ஒரே ஆட்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும், பிளாஸ்டோசிஸ்டிஸ் வருவதற்கு முந்தைய பாக்டீரியாக் கலவையும் கையில் இருக்க வேண்டும். வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர் அறிக்கையில் அந்த ஒரு பெயரைப் பார்த்துவிட்டு மருந்துக்கு ஓடுவதை மட்டும், அதுவரை நிறுத்தி வைக்கலாம்.